சாய்வு உளி ஏன் கடிக்கிறது?

பினாங்கின் பிறையில் இருக்கும் என் பட்டறைக்கு, லேத்தில் மரம் சுழலவிட்டுக் கடையும் கடைசல் வேலை பழக வரும் தம்பிகளுக்கு, வாய் வளைந்த குழி உளி சீக்கிரமே கைக்கு வந்துவிடுகிறது. ஸ்கியூ எனும் சாய்வு உளியை நீட்டினால்தான் தயங்குகிறார்கள். "வேணாம்ணே, இது கடிக்குது. நான் உப்புத்தாள் போட்டே தேய்ச்சிக்கிறேன்."

உப்புத்தாளில் வருவது தூசி. அது நெஞ்சுக்குள் போகும். சாய்வு உளி நன்றாக ஓடினால் மரம் சுருள் சுருளாக உரியும், மேற்பரப்பு கடைந்த கையோடு பளபளக்கும். அதனால்தான் இந்த உளியை யாரும் ஒதுக்கக் கூடாது என்று அடித்துச் சொல்கிறேன்.

கடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உளியின் வாய் சாய்வாக இருப்பதால் ஒரு முனை நீண்டும் ஒரு முனை குட்டையாகவும் இருக்கும். உருளையை மழமழவென்று சீவும்போது நீண்ட முனை மேலே, மரத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். வெட்டு விழ வேண்டிய இடம் வாயின் நடுவுக்குச் சற்றுக் கீழே, குட்டை முனைப் பக்கம். நடுவைத் தாண்டி மேலே ஏறினால், சுழலும் மரம் நீண்ட முனையைப் பிடித்துக் கீழே அமுக்கும். உளி கையில் புரளும், மரத்தில் திருகு மாதிரி ஒரு பள்ளம் விழும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆகவே முதலில் சாணை பிடித்த சரிவை மட்டும் மரத்தில் சாய்த்து வையுங்கள். வெட்டாது, உரசும். பிறகு பிடியை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் மெல்லிய சீவல் கிளம்பும். அங்கேயே நிறுத்தி, பருத்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கம் போங்கள். மரத்தின் நுனியிலிருந்து வெட்டை ஆரம்பிக்கவே கூடாது; கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கி வெளியே ஓட்ட வேண்டும்.

பழக ரப்பர் மரம் போதும். பால் வற்றி வெட்டிய தோட்டத்து மரம்தான் நாற்காலிப் பட்டறைகளுக்குப் போகிறது. மிச்சத் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கட்டை, வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குப் பக்கத்தில். மரத்தை ஓட்டும் பக்கத்தில், அதைப் பிடித்துச் சுழற்றும் முனையான சென்டர் முள் வைத்ததாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வளைய விளிம்புள்ளதைப் போடுங்கள். உளி கடித்தாலும் மரம் வழுக்கி நின்றுவிடும். புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டில் சின்ன வடு இருந்தாலும் உளி அங்கே தட்டித் தடுமாறும். அரம் போட்டுத் தேய்த்து மெழுகு பூசுங்கள். முகக் கவசம் கட்டாயம். கையுறை, தொளதொளச் சட்டை, மோதிரம் எதுவும் கூடாது. தைப்பூசத்துக்குக் கையில் காப்புக் கயிறு கட்டிய தம்பிகளிடம், "தண்ணீர்மலைக்குப் போயி காவடிய இறக்கிட்டு வாப்பா, லேத் எங்கயும் போயிடாது" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கயிற்றோடு சுழலும் மரத்துக்குப் பக்கத்தில் விட எனக்கு மனம் வராது.

கிண்ணம் கடையும்போது மட்டும் இந்த உளியைச் சீவ எடுக்காதீர்கள். அதில் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தின் நார் திசை மாறி மாறி வரும். சாய்வு வாய் அதில் சிக்கும். கிண்ணத்துக்குக் குழி உளிதான்.