இல்லாத ஐந்து கேசரங்கள்

பெறுபேறு நேற்று மாலை வந்தது. தாவரவியல் செய்முறை, மீள்பரீட்சை, சித்தி. இனி அந்தக் குறிப்புக் கொப்பியை அடுப்புக்குக் கொடுத்தாலும் கவலையில்லை. அதற்கு முன், பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்று.

முதல் தடவை என்னை விழுத்தியது ஓர்க்கிட் பூ. ஒருவித்திலையி என்று கண்டதும் கை தானாக ஓடியது: மூன்று புல்லி (வெளியிதழ்), மூன்று அல்லி (உள்ளிதழ்), ஆறு கேசரம் (மகரந்தம் தரும் ஆண் உறுப்பு). ஆறையும் அழகாக வரைந்து பெயரும் குறித்தேன். தட்டில் இருந்த பூவிலோ வளமான கேசரம் ஒன்றே ஒன்று. அதுவும் தம்பத்தோடும் (சூலகத்திலிருந்து எழும் தண்டு) குறியோடும் (மகரந்தம் ஏற்கும் பகுதி) இணைந்து ஒரே கம்பமாக நின்றது. அந்தக் கம்பத்தைச் சூலகம் (வித்து உருவாகும் அறை) என்று எழுதிவைத்தேன். உண்மையான சூலகம் கீழே, காம்பென்று நான் நினைத்த இடத்தில் இருந்தது.

ஊருக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒட்டுசுட்டான் பக்கம் மாமாவோடு விறகுக்குப் போனேன். முறிந்து கிடந்த பாலைக் கொப்பில் வாண்டா என்ற ஓர்க்கிட் பூத்திருந்தது. மஞ்சளில் பழுப்புக் கட்டங்கள், உதடு மட்டும் ஊதா.

"குருவிச்சையை ஏன் தம்பி நோண்டுகிறாய்?" என்றார் மாமா.

"குருவிச்சை மரத்தை உறிஞ்சும் மாமா. இது குடியிருக்கிறதே தவிர, மரத்தின் சோற்றில் கைவைப்பதில்லை." (இப்படி வெறுமனே குடியிருக்கும் மேலொட்டியை ஒட்டுண்ணி என்று எழுதிப் புள்ளி இழந்தவர்கள் எங்கள் அணியிலும் உண்டு.)

ஓர் ஈர்க்கைக் கம்பத்தின் நுனியில் மெல்லக் கொடுத்து இழுத்தேன். சிறு மூடி கழன்றது. மஞ்சள் உருண்டைகள் இரண்டு ஈர்க்கில் ஒட்டிக்கொண்டு வந்தன. மற்றப் பூக்கள் பலவற்றில் தூளாக உதிரும் மகரந்தம் இதில் கட்டி. பூச்சி ஒரே தடவையில் முழுவதையும் சுமந்து போகும். அதன்பின் ஒரு வரிகூட மனனம் செய்யவில்லை.

மனதில் வைக்க:
- உதடும் ஓர் அல்லிதான். தனி உறுப்பென்று எண்ணாதீர்கள்.
- பெரும்பாலான இனங்களில் பூ விரியும்போது 180 பாகை முறுகுவதால்தான் உதடு கீழே வருகிறது. முறுக்கைச் சூலகத்தில் தேடுங்கள்.
- வித்தில் வித்தகவிழையம் (முளைக்கு உணவாகும் சேமிப்பு) இல்லை. இயற்கையில் முளைக்கப் பங்கசின் (பூஞ்சையின்) துணை வேண்டும்.
- மடகாஸ்கர் ஓர்க்கிட்டின் ஓரடி நீளத் தேன்குழலுக்கேற்ற அந்துப்பூச்சி இருக்கவேண்டும் என்று 1862இல் டார்வின் எழுதியது, 1903இல் அது விவரிக்கப்பட்டது: நல்ல கதை, செய்முறையில் புள்ளி தராது.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. பக்கத்தில் ஒருவன் விடை சொன்னால் என் கண் பூவைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

மீள்பரீட்சைக்கு ஓர்க்கிட் வரவேயில்லை. செவ்வரத்தை வந்தது. கேசரக் குழாயைப் பிளந்து, உள்ளே தம்பம் ஓடுவதைக் கண்ட பிறகுதான் பென்சிலைத் தொட்டேன்.