தகரக் கூரைக்குக் கீழே முதல் அல்பம்

கிற்றாரும் குரலும் மட்டும் வைத்து, தன் பாட்டைத் தானே எழுதிப் பாடும் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற இசை) பாணியில் முதல் அல்பம் செய்ய இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது மைக்கின் விலையை. இலங்கையின் வடக்கே வன்னியில் என்றால், மைக் வாங்குவதற்கு முன் கூரையைப் பாருங்கள்.

சீமெந்துச் சுவரும் தகரக் கூரையுமான அறையில் ஒருமுறை கை தட்டினால் 'ணங்' என்று ஒரு வால் கேட்கும். அந்த வால் பாட்டின் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும்; பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாகக் கழற்ற முடியாது. வெயில் ஏறத் தகரம் விரிந்து டிக் டிக்கென்று வெடிக்கும், பொழுது சாய்ந்து குளிரும்போதும் அதே கதை. கிடுகு வேய்ந்த கொட்டில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் மூலைகளில் நெல்லு மூட்டைகளை அடுக்கி, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வை இரண்டைத் தொங்கவிடுங்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான்.

மாரியில் மழையும் தவளையும் விடாது. காலபோக அறுவடை முடிந்த பிறகு, லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஓய்ந்த பின்னிரவுதான் நல்லது. விடிந்தால் மயில் தொடங்கிவிடும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நேரம் அந்தப் பக்கம் ஒலிப்பதிவை நினைக்கவே வேண்டாம்.

ஃபானை நிறுத்துங்கள். லப்டொப்பின் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள், 'ம்ம்ம்' என்ற 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். கொண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) என்றால் இன்ரபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 48 வோல்ட்டைப் போட மறக்கவேண்டாம். பதியும் மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வையுங்கள், உச்சச் சத்தம் அதன் அளவுமானியில் மைனஸ் 12 டெசிபலுக்குக் கிட்ட நிற்கட்டும். இந்தக் கணக்கில் ஒரு மைக்குக்கு ஒரு நிமிடம் ஏறத்தாழ 8.6 எம்பி, நான்கு நிமிடப் பாட்டுப் பத்தை ஆறாறு தடவை எடுத்தாலும் 2 ஜிபியைச் சற்றுத்தான் தாண்டும். ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம், எடுத்ததை அழிக்கவும் வேண்டாம்.

கிற்றாரின் துளைக்கு நேரே மைக் வைப்பதுதான் வழமையான பிழை: 'பொம்' என்று அடிக்கும். கிற்றார்க் கழுத்தின் பன்னிரண்டாவது கட்டைக்கு (ஃபிரெட்) நேரே, 20 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். குரலைப் பிறகு தனியாக எடுக்கலாம், ஆனால் கன்ட்ரிப் பாட்டில் மூச்சும் கையும் ஒன்றாக ஓடவேண்டும். நெஞ்சு உயரத்தில் ஒரே மைக், அரை மீற்றர் தூரம், இரண்டையும் சேர்த்துப் பதிவதே என் தெரிவு. ஒரு வரி பிசகினால் முழுப் பாட்டையும் திரும்பப் பாடவேண்டிவரும், அதுதான் விலை.

புதுத் தந்தியைப் பதிவுக்கு முந்தின நாளே மாட்டுங்கள். பதிவன்றைக்கே மாட்டினால் இழுபட்டுச் சுருதி இறங்கும். ஃபான் இல்லாத அறையில் சூடேற ஏற இன்னும் இறங்கும். கேப்போ (கிற்றார்க் கழுத்தில் தந்திகளை அழுத்தும் கவ்வி) போட்டால் ஏறும். ஒவ்வொரு தடவைக்கும் முன்பு சுருதி பாருங்கள்.

தாளத்துக்கு ஆள் இல்லையா? அமெரிக்கக் கன்ட்ரிப் பாடகர் ஜோனி காஷின் முதல் அல்பம் 1957இல் மெம்பிஸ் நகரின் சன் இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தபோது அவருடைய குழுவிலும் டிரம்ஸ்காரர் இல்லை. தந்திகளுக்கிடையே காகிதம் செருகி, கிற்றாரிலேயே 'சக் சக்' எடுத்தார். ஒரு கொப்பித் தாளை நீளமாக மடித்து, ஒரு தந்திக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாகப் பாய் பின்னுவதுபோல் கோர்த்து, நகர்த்தி நகர்த்திக் கேட்டுப் பிடியுங்கள்.

முடித்த பாட்டுகளின் சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸுக்குக் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) கிட்ட வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி (ISRC, ஒலிப்பதிவை அடையாளங்காட்டும் சர்வதேச எண்) குறியீடு தனித்தனி. அதே பாட்டைத் திரும்பப் பாடிப் பதிந்தால் குறியீடும் புதிதாக வேண்டும்.