தேக்குத் தோட்டத்தில் 600, காட்டில் 120: பட்டாம்பூச்சி இனங்களை ஒப்பிடும் முறை

பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி பக்கம் விலங்கியல் முதுகலை ப்ராஜெக்ட்டுக்குப் பரம்பிக்குளம் எடுப்பவர்கள் எல்லாருக்கும் வருகிற சிக்கல் இது. தேக்குத் தோட்டத்தில் வாராவாரம் நடந்து பட்டாம்பூச்சிகளை எண்ணலாம். பசுமைமாறாக் காட்டுக்குள் மழையும் அட்டையும் விட்டால்தான் உண்டு. கணக்கு ஒருதலையாகச் சாய்ந்துவிடும்.

மாதிரிக்கு: தேக்கில் 600 பூச்சி, 30 இனம், ஒரே ஒரு முறை பார்த்தவை 6, இரண்டு முறை பார்த்தவை 3. காட்டில் 120 பூச்சி, 28 இனம். ஒற்றை 12, இரட்டை 4. இதை அப்படியே எழுதினால் தேக்கு ஜெயித்த மாதிரி இருக்கும். கண்ணில் படாத இனங்களையும் சேர்த்து மொத்தத்தை மதிப்பிடும் சாவோ1 சூத்திரம் போட்டுப் பாருங்கள்: ஒற்றையின் வர்க்கத்தை இரட்டையின் இரண்டு மடங்கால் வகுத்து, பார்த்த இனங்களோடு கூட்ட வேண்டும். தேக்குக்குச் சுமார் 36, காட்டுக்குச் சுமார் 46. அதுவும் குறைந்தபட்ச மதிப்பீடுதான்.

பலரும் புள்ளியியலுக்கான ஆர் மொழியின் வீகன் பேக்கேஜில் 'ரேரிஃபை' போட்டு, 120 பூச்சி மட்டும் பார்த்திருந்தால் எத்தனை இனம் என்று இரண்டையும் ஒரே அளவுக்கு இறக்கி நிறுத்திவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் போதாது. இனம் அதிகமுள்ள காட்டை 120 பூச்சி முழுசாகக் காட்டாது. கவரேஜை வைத்து ஒப்பிடுவதே நியாயம். அங்கே பறக்கிற மொத்தப் பூச்சிகளில், நாம் பார்த்த இனங்களைச் சேர்ந்தவை எத்தனை பங்கு என்பதுதான் கவரேஜ். தோராயமாக, ஒன்றிலிருந்து ஒற்றைகளின் விகிதத்தைக் கழித்தால் வரும்: தேக்கு 0.99, காடு 0.90. காட்டுக் கணக்கை இரண்டு மடங்கு வரை (240 பூச்சி பார்த்ததாகக் கணித்து) நீட்டினால் 0.94 தாண்டும், இரண்டு மடங்குக்கு மேல் இன எண்ணிக்கையை நீட்டாதீர்கள். ஆரின் இன்னொரு பேக்கேஜான ஐநெக்ஸ்ட்டின் 'எஸ்டிமேட்டி'யில் அடிப்படை கவரேஜ், அளவு 0.94 என்று கொடுத்து, பன்மையை அளக்கும் ஹில் எண் 0 (இன எண்ணிக்கை), 1 (பரவலாக உள்ள இனங்கள்), 2 (மிகுதியாக உள்ள இனங்கள்) மூன்றையும் எடுங்கள். பிழை எல்லையைக் காண மாதிரியைத் திரும்பத் திரும்ப எடுக்கும் பூட்ஸ்ட்ராப் தானாக 50 முறைதான் ஓடும், 200 ஆக்குங்கள்.

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் டேபிளில்தான். வீகனுக்கு இடங்கள் வரிசையில், இனங்கள் பத்தியில், ஐநெக்ஸ்ட்டுக்குத் தலைகீழ். திருப்பாமல் கொடுத்தால் எரர் வராமலே தப்பான விடை வரலாம். மணிக்கணக்கால் வகுத்த தசம எண்களும் ஆகாது, முழு எண்ணிக்கையே வேண்டும். 'சந்தேகம்' என்று ஒற்றைகளை மொத்தமாக அழித்தால் சாவோவும் கவரேஜும் அர்த்தமற்றுப் போகும். போட்டோவை வைத்து ஒவ்வொன்றாக முடிவு செய்யுங்கள்.

ஈர மண்ணில் ஒரே இனம் கும்பலாக உட்கார்ந்திருந்தால் தலையெண்ணிக்கையை நம்ப முடியாது. அப்போது ஒவ்வொரு நடையையும் ஓர் அலகாக வைத்து, இனம் இருந்ததா இல்லையா என்று மட்டும் குறியுங்கள். ஐநெக்ஸ்ட்டுக்குக் கொடுக்கும் அந்தப் பட்டியலின் முதல் எண் மொத்த நடைகள், பிறகு ஒவ்வொரு இனமும் இருந்த நடைகள். அதை விட்டால் முதல் இனத்தின் எண்ணிக்கையே நடைகளாகிவிடும்.

வைவாவில் 0.94 ஏன் என்று கேட்பார்கள். இரண்டு இடங்களையும் இரண்டு மடங்கு நீட்டும்போது குறைவாக நிற்பது காடு, அது எட்டுகிற அளவு இது என்று சொல்லுங்கள்.