தொண்டை வரை வந்து நிற்கும் வார்த்தை

மார்ச் 3, செவ்வாய்

சபையில் எழுந்து சாட்சி, அதாவது கடவுள் எனக்குச் செய்ததை, சொல்லச் சொன்னால் எனக்குத் தயக்கமே கிடையாது. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கத்தான் ஆள் வர வேண்டும். அதே விஷயத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. தொண்டை வரை வருகிறது, அப்புறம் வேலையைப் பற்றி ஏதாவது பேசி மழுப்பிவிடுகிறேன்.

எதற்குப் பயப்படுகிறேன் என்று இன்று உட்கார்ந்து யோசித்தேன். அடி விழும் என்றா? இல்லை. வேலை போய்விடும் என்றா? அதுவும் இல்லை. (விசுவாசத்தைச் சொன்னதற்காகச் சிறைக்குப் போகிறவர்கள் இன்றும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தையும் என்னுடையதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.) என் பயம் ரொம்பச் சின்னது. ‘ஓ, இவரும் அந்த ரகமா’ என்று ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வைதான்.

மார்ச் 5, வியாழன்

வேதத்தில் அப்போஸ்தலர் புத்தகம், 4-ஆம் அதிகாரம். இயேசுவின் சீஷர்கள் பேதுருவும் யோவானும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிற்கிறார்கள். இயேசுவின் பெயரில் இனிப் பேசக்கூடாது என்று மிரட்டி அனுப்புகிறார்கள். இருவரும் நேரே தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்து நடந்ததைச் சொல்ல, எல்லோரும் ஜெபிக்கிறார்கள். மிரட்டலைக் கவனியும் என்று ஒரு வரி. அது நீங்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டது, முழு தைரியத்தோடு வசனத்தைச் சொல்லும் பலம்.

இதில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒன்று இன்று பிடிபட்டது. இவர்கள் சற்று முன்புதான் அதிகாரிகள் முன்னால் அசராமல் பேசிவிட்டு வந்தவர்கள். அந்தத் தைரியத்தைப் பார்த்து அதிகாரிகளே ஆச்சரியப்பட்டார்கள் என்று 13-ஆம் வசனம் சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் திரும்பி வந்து மறுபடியும் தைரியம் வேண்டும் என்று கேட்கிறார்கள். அப்படியானால் இது ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்கிற சரக்கு அல்ல. நான் இத்தனை நாளும் ‘தைரியம் வரட்டும், பிறகு பேசலாம்’ என்று இருந்தேன்.

அப்போஸ்தலன் பவுலும் அப்படித்தான். பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். ‘நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே’ என்று கர்த்தர் அவருக்குத் தரிசனத்தில் சொன்னதும் அதே கொரிந்து பட்டணத்தில்தான். பயமே இல்லாதவனிடம் பயப்படாதே என்று யார் சொல்வார்கள்? அதற்குப் பிறகு அங்கே ஒன்றரை வருடம் தங்கிப் போதித்தார்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து, விசுவாசத்தை ஒருவருக்கு நேரில் சொல்கிற தனி ஊழியத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர், குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு வரிசையாகச் சொல்லிவிட வேண்டும் என்றார். இன்னொருவர், கைப்பிரதி கொடுத்தால் போதும், பேசவே வேண்டாம் என்றார். கைப்பிரதி மேல் எனக்குப் பகை இல்லை. அதை வாசித்தே விசுவாசத்துக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால் கையில் திணித்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நழுவுவது எனக்கு ஒத்துவராது. விசுவாசத்தைச் சொல்வதற்கென்றே நட்பு வைத்துக்கொள்வதும் அப்படித்தான். பழகுகிற மனிதருக்கு அது ஒருநாள் தெரிந்துவிடும்.

1 பேதுரு 3:15-ஐ எல்லோரும் எடுத்துக் காட்டுகிறோம். உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிற யாவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. ‘கேட்கிற’ என்பதும், ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கின்றன. அதையும் சேர்த்து வாசித்தால் நல்லது.

ஜெபக்குழுவில் இருக்கிற வயதான அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, யாருக்காக ஜெபிக்கிறியோ அவங்ககிட்டப் பேசு. ஜெபிக்காம பேசப் போகாதே” என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

மார்ச் 12, வியாழன்

என் கதையைச் சபைக்கு வெளியே இருக்கிறவருக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். முதல் தடவை எழுதியதில் ‘தேவ கிருபையால் தொடப்பட்டு’, ‘ஆவிக்குரிய ஜீவியத்தில்’ என்று நமக்குள் புழங்குகிற பேச்சுதான் பாதி. அடித்துக்கொண்டே வந்தேன். மிஞ்சியது இது: அப்பா இறந்த வருடம் எனக்குத் தூக்கமே இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சங்கீதங்களை வாசிப்பேன். 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. கடவுளிடம் இப்படியும் புலம்பலாமா, அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று அன்றைக்கு அழுதேன். என் புலம்பலைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்பத் தொடங்கியது அங்கேதான்.

இது பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. ஆனால் யோவான் சுவிசேஷம் 9-இல் இயேசு பார்வை கொடுத்த பிறவிக் குருடனிடம் பரிசேயர் என்ற யூத மதத் தலைவர்கள் குறுக்கு விசாரணை செய்கிறபோது அவன் தத்துவத்தில் ஆரம்பிப்பதில்லை. ‘நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்’ என்கிறான். இயேசு பாவியா இல்லையா என்ற கேள்விக்கு, தெரியாது என்றுதான் சொல்கிறான். அதற்காக அவன் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

பேசிவிட்டேன். நானாக ஆரம்பிக்கவில்லை. பக்கத்து மேசை நண்பரின் அம்மா போன மாதம் காலமானார். நான் நண்பருக்காக ஜெபித்து வருகிறேன், அது அவருக்குத் தெரியாது. இன்று மற்றவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, “உங்க அப்பா போனப்போ நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேட்டார்.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ‘காலம் போகப் போகச் சரியாகிவிடும்’ என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. மனதுக்குள் ஒரு வரி ஜெபம். அப்புறம், “நான் இயேசுவை நம்புகிறவன். அதை விட்டுட்டுச் சொன்னா பொய்யாயிடும். சொல்லட்டுமா?” என்றேன். “சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். தூக்கமில்லாத இரவுகள், 88-ஆம் சங்கீதம், நண்பன் லாசரு இறந்தபோது இயேசு கண்ணீர் விட்டது எல்லாம். சில இடங்களில் வார்த்தை தடுக்கியது. அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார், முகத்தில் எதுவும் தெரியவில்லை. கடைசியில், “எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படி ஒருத்தர் இருந்தா எங்க அம்மா ஏன் அவ்வளவு வலியில போகணும்?” என்றார். “தெரியலை” என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவைப் பற்றிப் பேசினார், கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, புதன்

காலையில் அந்தப் பார்வை வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். ஸ்டேப்ளர் இருக்கிறதா என்று கேட்டார், வழக்கம்போல.

இன்னொருவர் காதுக்கு எப்படியோ செய்தி போயிருக்கிறது. “என்ன, பிரசங்கமாமே?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் பவுல் பேசினபோதும் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொருவேளை கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். பவுலுக்கே அப்படி.

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் பர்மாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1819-இல். நடுவில் அவர் என்ன செய்தார்? மொழி படித்தார், மொழிபெயர்த்தார், வந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார். நானோ ஒரு மாலை பேசிவிட்டு மறுநாள் காலையில் நண்பர் முகத்தில் பலன் தேடுகிறேன்!

மார்ச் 24, செவ்வாய்

வாசிக்க ஏதாவது கொடுங்கள் என்று நண்பரே கேட்டார். மாற்கு சுவிசேஷத்தைக் கொடுத்தேன். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். விளக்கப் புத்தகம் எதையும் சேர்க்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

ஐந்தாம் அதிகாரத்தில் நிற்கிறார். லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்திருந்த மனிதன் குணமாகிறான், அவை புகுந்த பன்றிக்கூட்டம் கடலில் விழுந்து சாகிறது, ஊர்க்காரர்கள் இயேசுவைப் போய்விடச் சொல்கிறார்கள். “போகச் சொன்னதும் வாதாடாம படகு ஏறிட்டாரே, அது பிடிச்சிருந்தது” என்றார். எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், நான் அங்கே நின்றதே இல்லை. ஏறினவர், கூடவே வருகிறேன் என்று கெஞ்சிய அந்த மனிதனை மட்டும் வீட்டுக்கு அனுப்பி, கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்கிறார். அவனுக்குப் பயிற்சியும் இல்லை, குறிப்பும் இல்லை.

இதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். “சரி, ஆனா ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றின்னு போட்டிருக்கு. அதுக்கெல்லாம் நஷ்டஈடு யார் கொடுத்தாங்க?” என்றார். எழுதியிருக்கவில்லை என்றேன். போதகரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டுமாம். விடமாட்டார் போலிருக்கிறது.