ஜமக்காளம் விரித்த மாலை

அருங்காட்சியகப் பணியில் பதினோரு ஆண்டுகளாக நான் அதிகம் சொன்னவை இரண்டு: "தொடாதீர்கள்", "சத்தம் போடாதீர்கள்". ஒலியை வைத்தே ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது அலுவலகமே சிரித்தது.

மூன்று நாள் முன்னதாக நடு மண்டபத்தில் மைக்கை வைத்துப் பார்த்தோம். கல் தளம், சுண்ணாம்புச் சுவர், அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை. "வணக்கம்" என்றேன். அது தூண் தூணாகச் சுற்றிவிட்டு வந்து என் அடுத்த வாக்கியத்தின்மேல் விழுந்தது. ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைக் கூட்டினார், குழப்பமும் கூடியது. இத்தனை காலம் எல்லோரையும் வாய்மூட வைத்ததில், அந்த மண்டபத்தின் குணம் எனக்கே தெரியாமல் போயிருந்தது.

இதே தொல்லை 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில், பேசிய சொல் சுமார் ஐந்தரை விநாடி நின்று ஒலித்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று காதாலேயே அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறை அந்த மெத்தைகளில்தான் பிறந்தது.

மெத்தைக்கு நாங்கள் எங்கே போவது? "கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் கேட்டால் தருவார்களே, மேடம்" என்றார் காவலர் அண்ணன். நாற்பது பவானி ஜமக்காளங்கள் வாடகைக்கு வந்தன. பாதியைத் தரையில் விரித்தோம். மீதியை மாடிக் கைப்பிடியில் தொங்கவிட்டோம். பார்ப்பதற்குச் சலவைத் துறை மாதிரி இருந்தது என்பதை மறைக்கவில்லை. மைக்கை அறவே விலக்கினோம். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் மிச்ச எதிரொலியும் பெருமளவு அடங்கியது. மனித உடம்பும் உடுத்திய துணியும் ஒலியை நன்றாகவே உறிஞ்சிக்கொள்கின்றன.

பறவைக் குரல் போட்டி, கிராமபோன் எல்லாம் வழக்கம்போல நடந்தன. மானாமதுரைக் கடத்தை வயிற்றோடு அணைத்துத் தட்ட ஒரு வரிசையே நின்றது. ஆனால் மிருதங்கக்காரர் ரவையை நீர்விட்டுப் பிசையத் தொடங்கியதும் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரிடம் ஓடிவிட்டார்கள். "உப்புமாவா?" என்று கேட்டது ஒரு குரல். முதலில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியை வெறுமனே தட்டினார். தகரம்போல வறண்ட ஓசை. ரவையை அப்பிவிட்டுத் தட்டினார். கும்மென்று அடிவயிற்றில் இறங்கியது. வலப்பக்கமான வலந்தலையின் நடுவில் அப்பிய கருப்புப் பூச்சான கருஞ்சோறு எப்போதும் அதிலேயே இருப்பது, ரவை கச்சேரிக்குக் கச்சேரி மாற்றுவது என்று விளக்கினார். வலந்தலைத் தோலின்மேல் ஏற்றும் இந்தக் கருஞ்சோற்றுச் சுமைதான் சிதறிய அதிர்வுகளை இசைவான சுரங்களாக்குகிறது என்பதை சி.வி.ராமன் 1920இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த எங்கள் பழைய மிருதங்கத்தைக் காட்டி ஒரு சிறுமி கேட்டாள்: "அக்கா, இது என்ன சுருதி?" பலா மரம், தோல், நீளம், விட்டம் என்று அதன் விவரச் சீட்டை எழுதியவள் நான். அதில் ஓசையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "தெரியாதம்மா" என்றேன். மிருதங்கக்காரர் பெட்டியருகே குனிந்து, காய்ந்து விரிசல் கண்ட தோலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

மறுநாள் ஜமக்காளங்களைத் திருப்பிக் கொடுத்தோம். ஒன்றில் ரவைக் கறை. அதற்குத் தனியாக நூறு ரூபாய் கேட்டார்கள். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் கணக்காளர் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.