பாவாடை நாடாவுக்குக் கீழே ஒரு கருப்பு வடு

கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் விளையும் ஊர் எங்களுடையது. ஐப்பசி மழை விட்டதும் இங்கே வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுப்பார்கள். போன வருசம் அந்தப் பருவத்தில் எங்கள் அம்மாவுக்கு வந்தது ஸ்க்ரப் டைஃபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாளில் போடுகிறார்களே, அதுதான். அது இன்ன காய்ச்சல் என்று தெரிவதற்குள் பட்டதையும், தெரிந்தபின் நடந்ததையும் எழுதுகிறேன். வீட்டுப் பெண்கள் காட்டு வேலைக்குப் போகும் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும்.

தொடக்கத்தில் எல்லாக் காய்ச்சலையும் போலத்தான் இருந்தது. குளிர், தலைவலி, உடம்பு முறிகிற வலி. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். டெங்குவுக்குப் பார்த்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. விடால் பரிசோதனையில் டைபாய்டு லேசாக இருப்பதுபோல் வரவே, செஃபிக்ஸிம் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் அசையவில்லை. அசையாததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற இந்தக் கிருமி நம் உடம்பின் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வது. பென்சிலின் வகை, செஃபிக்ஸிம் வகை மருந்துகளுக்கு அது கட்டுப்படாது. எத்தனை நாள் கொடுத்தாலும் பயனில்லை.

ஒரு வாரம் தாண்டியதும் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, கல்லீரல் பரிசோதனை அளவுகள் ஏறியிருந்தன. கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம்.

அங்கே இரவுப் பணியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். ஃபைலைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது வேலையைப் பற்றித்தான். "காட்டு வேலைக்குப் போவீங்களாம்மா? புல்லுல உக்காருவீங்களா?"

"மஞ்சக்காட்டுல களை எடுக்கறேனுங்க. பொழுதோட வேலியோரம் வெறகு பொறுக்குவேனுங்க."

"சரிங்கம்மா. ஆம்பளைங்க எல்லாம் கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்று சொல்லித் திரையை இழுத்து விட்டார். காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்து, அக்குள், மார்புக்கு அடியில் என்று டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார். உள்பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னபோது அம்மா கூச்சப்பட்டார். நாடா இறுக்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, வலது இடுப்பில், பீடியால் சுட்டதுபோல் ஒரு வட்டம். நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு விளிம்பு.

"வலிக்கவும் இல்லீங், அரிக்கவும் இல்லீங். நாடா உரசுன புண்ணுன்னு இருந்தேன்" என்றார் அம்மா.

வலியும் அரிப்பும் இல்லாததால்தான் இந்த வடு இருப்பது நோயாளிக்கே தெரிவதில்லை. அதுவும் வருகிற இடங்கள் துணி மறைக்கிற இடங்கள். எல்லாருக்கும் வடு வரும் என்று சொல்ல முடியாது, வராமலும் இருக்கலாம். ஆனால் காய்ச்சலோடு சேர்ந்து அது கண்ணில் பட்டுவிட்டால், மருத்துவர் அதைவிடத் தெளிவான அடையாளம் தேட வேண்டியதில்லை. அதுவரை அம்மாவைப் பார்த்தவர்கள் எல்லாரும் நாடி பிடித்தார்கள், சேலைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப் வைத்தார்கள். தோலைப் பார்க்க ஒரு திரையும் ஐந்து நிமிடமும் யாரும் ஒதுக்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவுக்குக் காத்திராமல் அன்றிரவே மருந்து தொடங்கிவிட்டார் டாக்டர். சந்தேகம் வந்ததுமே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடும் என்றார். சாதாரணமாக இதற்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஒரு வாரம். விலை குறைந்த, பழைய மாத்திரை. அம்மாவுக்கு மூச்சுத் திணறல் இருந்ததால் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசி வழியாக ஏற்றினார்கள். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாகியிருக்கிறது. இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளை வைத்துச் செய்தது. நம் ஊர் நோய்க்கு நம் பக்கத்து மருத்துவர்களே விடை கண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளினைத் தவிர்த்து அசித்ரோமைசின் கொடுப்பார்களாம்.

மருந்து ஏறி இரண்டு நாளைக்குள் காய்ச்சல் விட்டது. அம்மா காபி கேட்டார்.

பார்க்க வந்த ஒறம்பரை எல்லாருக்கும் அந்த வடுதான் கவலை. பெரியம்மா வேப்பெண்ணெயும் மஞ்சள் பத்தும் கொண்டு வந்துவிட்டார். டாக்டர் சிரித்த முகத்தோடே மறுத்தார். தோலில் தெரிவது கிருமி உள்ளே நுழைந்த வாசல் மட்டும்தான், களிம்பு எதுவும் வேண்டாம், சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்திருந்தால் பொருக்கு தானாக உதிரும் என்றார். அப்படியேதான் உதிர்ந்தது. வீட்டுக்கு வந்தபின் மாத்திரையாகச் சாப்பிட்டதற்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கினதும் படுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து, பால் எதையும் அதே நேரத்தில் சேர்க்கக் கூடாது.

வீடு திரும்பிய சில நாளில் சுகாதார ஆய்வாளரும் பூச்சியியல் ஆட்களும் வந்தார்கள். நான் ஆர்வத்தோடு கூடவே நடந்தேன். மாட்டின் மேல் இருக்கும் உண்ணியை அவர்கள் தேடவில்லை. தேடியது எலியை. பொழுதோட கருவாட்டுத் துண்டும் தேங்காய்ச் சில்லும் வைத்துப் பொறிகளைச் சோளத்தட்டுப் போருக்கு அடியிலும் கிளுவை வேலியோரமும் வைத்தார்கள். வெடியால எடுத்தபோது எலிகள் விழுந்திருந்தன. மயக்க மருந்து கொடுத்து, ஒரு எலியின் காதை விரித்துக் காட்டினார் அந்த ஆய்வாளர். உள்மடலில் ஆரஞ்சு நிறத்தில் பொடி அப்பியிருந்தது. பொடி இல்லை, அத்தனையும் உயிர்.

இந்தக் காய்ச்சலைப் பரப்புவது அதுதான், சிலந்தி இனத்தைச் சேர்ந்த நுண்ணிய பூச்சி. வளர்ந்த பூச்சிக்கு எட்டுக் கால், மண்ணுக்குள் கிடக்கும், நம்மை ஒன்றும் செய்யாது. அதன் குஞ்சுப் பருவத்துக்கு ஆறு கால், அளவு கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் குஞ்சு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எலியையோ மனிதரையோ கடித்து உணவு எடுக்கும். ரத்தம் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். கிருமி தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுவதால், ஒரு இடத்தில் வேர்விட்டால் அங்கேயே தங்கிவிடுகிறது. காலில் ஏறும் குஞ்சு, துணி இறுக்கமாகத் தடுக்கிற இடம் வரை ஊர்ந்துபோய் அங்கே கடிக்கும். நாடாவுக்கு அருகில் வடு வந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. எலிக்காதில் சீவி எடுத்ததைச் சாராயக் குப்பியில் போட்டுக்கொண்டார்கள். நுண்ணோக்கியில் முதுகுத் தகட்டின் வடிவத்தைப் பார்த்து இனம் பிரிப்பார்களாம். புல்லில் கருப்புத் தகடு வைத்து, அதன்மேல் ஏறிவரும் குஞ்சுகளை எண்ணும் முறையும் உண்டு.

அவர்கள் சொன்னபடி தட்டுப்போரை வீட்டை விட்டுத் தள்ளிப் போட்டோம். கட்டுத்தரையைச் சுற்றிப் புதரை வெட்டினோம். துணியை வேலியிலும் புல்லிலும் காயப்போடுவதை விட்டுக் கொடி கட்டினோம். காட்டிலிருந்து வந்ததும் அம்மா சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்தியிருந்ததை உடனே துவைக்கப் போடுகிறார். புல்லில் உட்காரும்போது கீழே ஒரு சாக்கு விரித்துக்கொள்கிறார். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்றும் இருக்க முடியாது. கிருமியில் பல வகை இருப்பதால் மறுபடியும் வரலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். காய்ச்சல் என்று யார் வீட்டுக்கு வந்து சொன்னாலும், "மேலெல்லாம் பாத்தீங்ளா?" என்றுதான் அம்மா முதலில் கேட்கிறார்.