டோக்கியோவில் போஸ்டர் பார்க்கப் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடலாம். நவீன ஜப்பானிய கிராஃபிக் டிசைனின் முழு வரலாற்றையும் எந்த நாளில் போனாலும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம் என்று டோக்கியோவில் ஓர் இடம் கிடையாது. போஸ்டர் என்பது காகிதம். வெளிச்சம் பட்டால் மை வெளுத்துவிடும் என்பதால் சில வாரங்கள் மாட்டிவைத்துவிட்டுக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். நாம் போகும் வாரத்தில் சுவரில் எது இருக்கும் என்பது அதிர்ஷ்டம். கதவு திறந்திருப்பதே அதிர்ஷ்டம்தான். கின்சா கிராஃபிக் கேலரிக்கு ஞாயிறும் அரசு விடுமுறைகளும் லீவு. ஷியோடோமேயில் இருக்கும் விளம்பர அருங்காட்சியகத்துக்கு ஞாயிறும் திங்களும் லீவு. அழகுசாதன நிறுவனமான ஷிசெய்டோ கின்சாவில் நடத்தும் கேலரிக்கும் அச்சு அருங்காட்சியகத்துக்கும் திங்கள் லீவு. திங்கள் பண்டிகை நாளாக வந்தால் அச்சு அருங்காட்சியகம் அன்று திறந்து மறுநாள் மூடும். கண்காட்சி மாற்றும் நாட்கள் தனி. ஆகவே செவ்வாய் முதல் சனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் அன்று காலை இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பர்ஸுக்கு ஒரு நல்ல செய்தி: கின்சாவில் இருக்கும் இந்த இரண்டு கேலரிகளும் விளம்பர அருங்காட்சியகமும் இலவசம்.

தொடங்க வேண்டிய இடம் கேலரி இல்லை, சுரங்க ரயில். உயேனோவிலிருந்து அசகுசா வரை கின்சா லைனில் போங்கள், டிக்கெட் 180 யென். வெறும் 2.2 கிலோமீட்டர். 1927 டிசம்பர் 30 அன்று திறந்த முதல் பகுதி இதுதான். இதற்காக சுகியுரா ஹிசுய் வரைந்த போஸ்டரைப் பார்க்காமல் ஜப்பானிய டிசைனைப் பற்றிப் பேசுவது வீண். சுரங்கத்திலிருந்து ரயில் வருகிறது, பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம், கிமோனோவும் கோட்டும் தொப்பியும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தூரம் போகப் போகக் கூட்டம் சிறுத்துக்கொண்டே போவதால் நாமும் அதே வரிசையில் நிற்பது போலிருக்கும். இரண்டு கிலோமீட்டர் ரயிலுக்கு இவ்வளவு அலப்பறையா என்றால், ஆமாம், விளம்பரத்தின் வேலையே அதுதானே!

ஹிசுய் மித்சுகோஷி என்ற பெரிய கடையின் டிசைனர். ஓவியர் குரோதா செய்கி பாரிஸிலிருந்து கொண்டுவந்த, வளைந்த கோடுகள் நிறைந்த ஆர்ட் நூவோ பாணி அச்சுகளைப் பார்த்துத்தான் டிசைன் பக்கம் திரும்பினார். 1922 கடைசியில் தானே ஐரோப்பா போய் 1924-ல் திரும்பினார். ரயிலின் எலுமிச்சை மஞ்சளும் பெர்லின் சுரங்க ரயிலைப் பார்த்து எடுத்ததுதான். அசல் பெட்டி கசாய் ஸ்டேஷன் பாலத்தடியில் உள்ள மெட்ரோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கட்டணம் 220 யென், அங்கேயும் திங்கள் லீவு.

"எல்லாம் ஐரோப்பாவைக் காப்பியடித்தது" என்பவர்களுக்கு: பாரிஸ்காரர்கள் உகியோ-எ என்ற ஜப்பானிய மர அச்சைப் பார்த்துத் தட்டை வண்ணமும் அழுத்தமான கோடும் கற்றுக்கொண்டது அதற்கு முன்பே நடந்த கதை. போனதுதான் உருமாறித் திரும்பி வந்தது. ஷிசெய்டோவுக்காக யமனா அயாவோ வரைந்த மெல்லிய கோட்டுப் பெண்களில் ஆங்கில ஓவியர் பியர்ட்ஸ்லியைப் பார்க்கலாம், பியர்ட்ஸ்லிக்குப் பின்னால் ஜப்பானிய அச்சையும் பார்க்கலாம்.

கின்சாவில் தேடினாலும் கிடைக்காத ஒன்று உண்டு. ஜெர்மனியின் புகழ்பெற்ற டிசைன் பள்ளியான பவ்ஹவுஸின் முறையில் பாடம் நடத்திய கவகிதா ரென்ஷிசிரோவின் பள்ளி 1930-களில் இங்கேதான் இயங்கியது. யமவாகி இவாவோ, மிச்சிகோ தம்பதி டெசாவ் நகரில் இருந்த பவ்ஹவுஸில் 1930 முதல் 1932 வரை படித்துத் திரும்பிய காலம் அது. பின்னாளில் 1964 ஒலிம்பிக் போஸ்டரைச் செய்த கமெகுரா யுசாகு, கவகிதாவின் மாணவர்.

ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பிய இன்னொருவர் புகைப்படக்காரர் நதோரி யோனோசுகே. 1934-ல் அவர் தொடங்கிய 'நிப்பான்' இதழ் வெளிநாட்டினருக்கானது. படத்தொகுப்பு, வெள்ளை இடைவெளி எல்லாம் அப்பட்டமாக ஜெர்மன் பாணி. 1942-ல் வந்த 'ஃப்ரண்ட்' இதழில் ஹரா ஹிரோமு சோவியத் பாணியைக் கையாண்டார். அழகான பக்கங்கள், வேலையோ போர்ப் பிரசாரம். டோக்கியோவின் ஜிம்போச்சோ வட்டாரத்துப் பழைய புத்தகக் கடைகளில் இவற்றின் மறுபதிப்பைக் கேளுங்கள், அசல் நம் பட்ஜெட்டுக்கு ஆகாது. அங்கே பல கடைகளுக்கு ஞாயிறு லீவு.

1964 ஒலிம்பிக்குக்குக் கமெகுரா செய்தது ஒரு பெரிய சிவப்பு வட்டம், கீழே தங்க நிறத்தில் ஐந்து வளையங்கள், அதற்கும் கீழே 'டோக்கியோ 1964'. அவ்வளவுதான். அடுத்த போஸ்டரில் ஓட்டக்காரர்கள் பாயும் புகைப்படம். ஒலிம்பிக் போஸ்டருக்குப் புகைப்படம் வந்தது அப்போதுதான். டிசைன் விமர்சகர் கத்சுமி மசாருவின் மேற்பார்வையில் அந்த ஒலிம்பிக்குக்கு உருவான பிக்டோகிராம்களுக்கு, அதாவது எழுத்தில்லாமல் புரியும் படக்குறிகளுக்கு, வியன்னாவின் ஓட்டோ நியூராத் வகுத்த ஐசோடைப் என்ற படக்குறி முறை முன்னோடி. வரைந்தவர்கள் காப்புரிமையை விட்டுக்கொடுத்ததால் உலகம் தாராளமாக எடுத்துக்கொண்டது.

நேரம் இருந்தால் தொயாமா நகரத்துக்குப் போங்கள். டோக்கியோவிலிருந்து ககயாகி என்ற அதிவேக ரயிலில் 2 மணி நேரம் 10 நிமிடம் போல, ஒரு வழிக்குச் சுமார் 13,000 யென், எல்லா இருக்கையும் முன்பதிவுதான். வெளிநாட்டுப் பயணிகளுக்கான 7 நாள் ஜேஆர் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650-லிருந்து 50,000 யென்னாக ஏறியதை நினைத்தால் வயிறு எரிகிறது. இந்தப் போக்குவரத்துக்கு மட்டும் பாஸ் வாங்கினால் பாதிக் காசு தண்டம். தொயாமா கலை, வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் சேகரிப்புப் பகுதிக்கு 300 யென். சுவரில் இல்லாத போஸ்டர்களையும் அங்குள்ள தொடுதிரையில் தேடிப் பார்க்கலாம், டோக்கியோவில் ஏங்கியதெல்லாம் இங்கே தீரும். ஆனால் இங்கே லீவு புதன்கிழமை!

சாப்பாட்டுக்கு ஸ்டேஷன்களில் நின்றபடி சாப்பிடும் சோபா நூடுல்ஸ் கடைகளை விடக் கூடாது. 500 யென் சுற்றளவில் சுடச்சுடக் கிண்ணம் வரும், பத்து நிமிடத்தில் அடுத்த ரயில். சைவக்காரர்கள் கவனம்: மேலே காய்கறி டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) இருந்தாலும் சாறு பெரும்பாலும் மீன் போட்டது.

போஸ்டர் வாங்கினால் பி1 அளவு வேண்டாம். 728 × 1030 மில்லிமீட்டர் தாளைக் குறுகலாகச் சுருட்டினாலும் குழாய் 73 சென்டிமீட்டருக்கு மேல் போகும். விமானத்தின் கைப்பை வரம்பு பொதுவாக 55 சென்டிமீட்டர், செக்-இன்னில் போட்டால் நசுங்கும். 515 × 728 கொண்ட பி2 தாளை நீளப் பக்கம் சுருளும்படி சுருட்டினால் 51.5 சென்டிமீட்டர்தான், மயிரிழையில் அடங்கும். குழாயின் மூடி புடைத்துக்கொண்டு இருந்தால் அந்த இடமும் போய்விடும், தட்டை மூடியாகப் பார்த்து வாங்குங்கள்.